கண்ணு விரியாத காய்

மாமாவுக்கு,

போன்ல பேசினா அத்தை பக்கத்துலயே நிக்குது. அதான் கிரீசுக்குத் திரும்பி வர்ற பிரான்சிஸ் அண்ணன்கிட்ட இத குடுத்தனுப்பறேன்.

மாதா திருவிழாவுக்கு வந்துடுவேன்னு நீங்க சொன்ன அன்னிக்கே, நம்ம சீத்தா மரத்துல காய் பறிச்சு அரிசி டிரம்முல போட்டுட்டேன். தெனமும் கைய வுட்டு அமுக்கிப் பாத்துக்கினே இருந்தேன். தேரும் ஓடிடுச்சு. காய் பழுக்காம கல்லா கறுத்துப் போச்சு.

"கண்ணு விரியறதுக்கு முன்னாடி சீத்தாவ யாராச்சும் பறிப்பாங்களாடி? அப்படி என்னா அவசரம் உனக்கு?"ன்னு அத்தை கேட்டுச்சு.

திராட்சை அறுப்பு முடியலன்னீங்க. அது முடிஞ்சா ஆலிவ் பறிக்கணும்ன்றீங்க. அந்த ஊரு மரங்க ஒரு நாளாச்சும் சும்மா இருக்காதா?

இங்க மிச்சக் காயெல்லாம் இப்ப நல்லா கண்ணு விரிஞ்சிடுச்சு. அத்தை கூடையில எடுத்துக்கினு போயி விக்கிரவாண்டி டோல்கேட்டுல வித்துட்டு வருது. ஒண்ணே ஒண்ண மட்டும் நான் தொட வுடல. அணில் கடிக்காம உங்க பழைய சட்டையக் கிழிச்சு சுத்தி வச்சிருக்கேன். என் கைக்கு எட்டுற கிளைதான். பழுத்து வெடிச்சாலும் பறிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்க அவசரக்காரி