பன்னிரண்டாவது தடவை

கெர்கென்னா தீவு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நூரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வயிற்றில் இருப்பதும் அல்லாஹ் கிருபையால் சுகம். போனில் பேசினால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் கேட்கிறார் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதி, காலைக் கப்பலில் வரும் உங்கள் அண்ணன் முன்ஸிஃபிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன். அவர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

பையில் பார்லி ரொட்டியும் காய்ந்த அத்திப்பழமும் இருக்கின்றன. படகுக்குத் தார் பூசியாயிற்று. பேய்க்கணவாய் பிடிக்கும் பானைகளையும் அண்ணன் கழுவி அடுக்கிவிட்டார். உங்களுக்காகத்தான் இத்தனை அவசரம்.

முதல் ஆபரேஷனுக்குப் பிறகு தோள் எத்தனை தடவை கழன்றது என்று டாக்டர் கேட்டாராம், நீங்கள் இரண்டு என்றீர்களாம். அண்ணன் பெருமையாகச் சொன்னார். "ரெண்டுன்னாத்தான் தையலோட விடுவாங்க. நெசத்தச் சொன்னா இடுப்பெலும்ப வெட்டித் தோள்ல வச்சு ஆணியடிச்சு, வலைக்குக் காவல் நாயாட்டம் கரையில உக்கார வச்சிடுவாங்க, தங்கச்சி."

போன தடவையும் குறைத்துத்தான் சொன்னீர்கள். அந்தத் தையல் ஒரு வருஷம் தாங்கவில்லை.

எத்தனை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்களைச் சாப்பாட்டு மேஜையில் குப்புறப் படுக்க வைத்து, தொங்கும் கையில் தண்ணீர் வாளியைக் கட்டி, மூட்டு உள்ளே போகும்வரை பக்கத்தில் நின்றவள் நான். பதினொன்று என்று நீங்களே ஒருநாள் சொன்னீர்கள். பதினொன்று இல்லை.

நம் யுஸ்ராவைப் படகிலிருந்து கரைக்குத் தூக்கும்போது அவள் கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னீர்கள். நாலு வயதுப் பிள்ளை, ஈரக் கல், எல்லோரும் நம்பினார்கள். அவளைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி உள்அறையில் கிடத்தியிருந்தபோது, நீங்கள் அடுக்களைக்கு வந்து மேஜையில் குப்புறப் படுத்தீர்கள். நான் வாளியைக் கட்டினேன். நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அந்தக் கையால்தான் அவளைக் குழிக்குள் வாங்கி வைத்தீர்கள்.

பல மாதம் உங்களை வெறுத்தேன். தட்டில் ரொட்டி வைக்கும்போதெல்லாம் வெறுத்தேன். இப்போது அறவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது.

படகு போனால் போகட்டும். கரையில் உட்கார்ந்தால் யாரும் நாயாகிவிடுவதில்லை. நான் வலை பின்னுவேன், எப்படியோ பிழைப்போம். டிசம்பரில் பிள்ளை பிறக்கும். காதில் பாங்கு சொல்ல உங்கள் கையில் தர வேண்டும். தரத்தான் ஆசை, ஆனால் இப்போதைக்குப் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை கத்தி வைக்கும் முன் டாக்டர் மறுபடி கேட்பாராம். பன்னிரண்டு என்று சொல்லுங்கள். உங்களைக் குற்றவாளியாக்க எழுதவில்லை. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அல்லாஹ் முதலில் உங்கள் நாவுக்கும் பிறகு தோளுக்கும் உறுதி தரட்டும்.

இப்படிக்கு,
யுஸ்ராவின் தாய்
ஸலூவா