ஓவிடியு வாங்கிய திரை

நவம்பர் 9, சனி

என்னைக் கேட்காமல் புது மானிட்டர் வாங்கிவிட்டான் ஓவிடியு. காலையில் பெட்டி வந்து இறங்கியது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். ஏதோ அலமாரி என்று நினைத்தேன். படுக்கையறை ஜன்னலை மாற்ற இருவரும் சேர்த்த பணம் அது. போதாததற்குத் தன் பழைய மானிட்டரையும் விற்றிருக்கிறான்.

"ஆறாயிரம் லேய் பணமா? என் ஒரு மாசச் சம்பளத்தையே தாண்டுது, ஓவிடியு."

"தள்ளுபடி. நாளைக்குன்னா ஏழாயிரம்."

"அப்போ ஆயிரம் மிச்சம் பிடிச்சு குடுத்திருக்கே."

"டிசம்பர் வீடியோ கேம் போட்டிக்கு, நமக்காகத்தானே வாங்கினேன்."

நமக்காக! ஆடுகிறவர்கள் இரண்டு பேர், புதுத் திரை ஒன்று. ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருடமாக ஜோடியாக ஆடுகிறோம். கல்யாணம் வரை வந்ததே அப்படித்தான்.

நவம்பர் 10

அழகாகத்தான் இருக்கிறது. எரிச்சலே அதுதான். விளையாட்டில் குகைக்குள் போனால் அவன் பக்கம் கறுப்பு கறுப்பாக இருக்கிறது, என் பக்கம் அழுக்குச் சாம்பல். வாய் திறந்து பாராட்டவில்லை.

நவம்பர் 17

பகலில் அது முகம் பார்க்கும் கண்ணாடி. அதனால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். வெள்ளையாக எதைத் திறந்தாலும் தானாக மங்குகிறது. எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் கசிகிறது. மின்கட்டணத்தைப் படிக்க என் பழைய திரைக்கு வருகிறான் துரை! அசையாத படம் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் தழும்பாக விழுமாம், அதனால் ஐந்து நிமிடம் எழுந்து போனாலும் அணைக்க வேண்டும். அத்தனை வேகமாகப் படம் தர அவன் கம்ப்யூட்டருக்குத் தெம்பு இல்லையாம். கிராபிக்ஸ் கார்டு விலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் நிற்பது தெரிந்ததும் சட்டென்று மூடினான்.

பணத்தையும் கொடுத்துவிட்டு இப்படிப் பணிவிடையும் செய்ய வேண்டுமா? என் அம்மாவுக்கு இவன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

டிசம்பர் 7, சனி

தோற்றுவிட்டோம். இல்லை, தோற்கவில்லை. அந்தச் சனியன் எங்களைத் தோற்கடித்தது.

அரையிறுதி, கடைசிச் சுற்று, சமநிலை. எதிரில் இரண்டு பேர். நான் இடது பக்கம், அவன் வலது பக்கம். அவன் திரை அணைந்தது. கறுப்பு. நடுவில் ஒரு வரி: திரைப் பாதுகாப்புப் பணி நடக்கிறது, அணைக்க வேண்டாம். சில மணி நேரம் ஓடினால் அதற்கு ஓய்வு வேண்டுமாம். அது கேட்ட போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். கடைசியில் அது இவனைக் கேட்கவில்லை.

தனியாக இருவரையும் எதிர்த்தேன். ஒருவனை வீழ்த்தினேன். அவ்வளவுதான்.

"நான் என்ன பண்ணட்டும், அதுவா அணைஞ்சிருச்சு," என்றான்.

"காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டே நோயாளிங்களுக்கு ரத்தம் எடுத்துட்டு வந்து உக்காந்தேன். எனக்கு ஓய்வு வேணும்னு எவனாவது கேட்டானா? அதுக்கு மட்டும் வேணுமோ?"

அதோடு முடியவில்லை. ஓய்வு முடிந்து சாம்பல் பின்னணியோடு திரை வந்தது. கீழ் மூலையில் ஒரு நிழல். விளையாட்டில் எங்கள் உயிர் அளவு காட்டும் பட்டை அங்கேதான் இருக்கும். ஒரு மாதத்துக்குள் தழும்பு!

டிசம்பர் 9

கடைக்குப் போனோம். அங்கே இருந்தவன் பெயர் ரஸ்வான். சிரிப்பு மாறாத முகம்.

"இது பழுது இல்ல மேடம். இந்த வகைத் திரையோட இயல்பு."

"விக்கும்போது இந்த இயல்பைச் சொன்னீங்களா?"

"கையேட்டுல இருக்கு மேடம்."

"காசு குடுத்தப்புறம்தானே கையேடு கைக்கு வருது?"

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்ததாம். வாரண்டியில் தழும்பு சேராதாம். ஓவிடியு தரையைப் பார்த்தபடி நின்றான். என்னிடம் நீளும் வாய் அங்கே திறக்கவேயில்லை. டிராமில் ஏறியதும்தான் திறந்தது: "எல்லார் முன்னாடியும் ஏன் மானத்த வாங்கறே?"

எந்த மானம்? யாருடையது?

டிசம்பர் 14

ஓவிடியு திரையை விற்கிறானாம். விளம்பரத்தில் 'புத்தம் புதுசு போல' என்று போட்டிருந்தான். லுகோஜ் ஊரிலிருந்து கோர்னெல் என்ற பஸ் மெக்கானிக் வந்தார். கையெல்லாம் கழுவியும் போகாத கிரீஸ் கறை. ஓவிடியு கடலடி மீன்கள் நீந்தும் வீடியோவைப் போட்டான். அத்தனை வண்ணத்தில் நிழல் எங்கே தெரியும்? அவர் வாய் பிளந்து பார்த்தார். பர்ஸை எடுத்தார்.

என்னால் முடியவில்லை. எழுந்து போய்ச் சாம்பல் படத்தைப் போட்டேன். "இந்த மூலையப் பாத்துட்டு வாங்குங்க."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஓவிடியுவைப் பார்த்தார். பர்ஸை உள்ளே வைத்து, குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"யாரு பக்கம் நீ?" என்று கத்தினான்.

"அந்த ரஸ்வானுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

டிசம்பர் 15

 முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாலே சட்டியை அவனுக்கு மேசையில் வைத்துவிட்டு நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன்.

டிசம்பர் 17

விளம்பரத்தைப் பார்த்தேன். மாற்றியிருக்கிறான். 'கீழ் மூலையில் நிழல் உண்டு. நேரில் பார்த்துவிட்டு வாங்கவும்.' விலை பாதி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 

டிசம்பர் 21, சனி

இன்று ஒரு பெண் வந்து எடுத்துப் போனாள். நிழலை அவனே காட்டினான். படம் பார்க்க மட்டும்தானாம், பரவாயில்லை என்றாள். பெட்டியை மூன்று மாடி அவனே இறக்கிக் கொடுத்தான்.

திரும்பி வந்து மேசையின் காலிப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றான்.

"ஒரு ஆட்டம் ஆடலாமா?"

"ஒரு திரையில எப்படி?"

"நீ ஆடு. நான் பாக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.  பிறகு மெதுவாக, "இடது பக்கம், மிரேலா. சுவருக்குப் பின்னாடி ஒருத்தன்."

கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் இடது பக்கம் திரும்பினேன்.