பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

2 நவம்பர் 2025, ஞாயிறு

துணி துவைத்தேன். கருவாட்டுக் குழம்பு. ஒரு வயிற்றுக்கு இரண்டு பேருக்கான அரிசி போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரோஸ்மேரி இருந்தால் சட்டியை வழித்திருப்பாள். விளாத்திகுளத்திலிருந்து ஒரே பஸ்ஸில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தோம். பதினோரு வருடம் இதே அறை. அவள் டெய்லர், நான் டைம் ஆபீஸ் — வருகைப் பதிவும் கேமராவும். அவள் கொலையாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அடுத்த செவ்வாய் கோர்ட்டில் நான் சாட்சி.

5 நவம்பர்

அரசு வக்கீல் கூப்பிட்டிருந்தார். அவளைக் கொன்றதாகப் பிடிபட்ட டிரைவர் ராஜ்கமலின் வேன் ரோஸ்மேரியை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டுவது எங்கள் கேமராவில் மாலை 6.12. வேனின் ஜிபிஎஸ்ஸோ, 6.08க்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி குன்னத்தூர் ரோட்டில் காட்டுகிறது. பிறகு பாறைக்குழி ஓரம் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறது. அவள் உடல் கிடைத்த இடம்.

"ரெண்டும் ஒத்துப்போகலைன்னா அவனை விட்டுருவாங்கம்மா" என்றார்.

பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. பாவி, நான்தானே! ஆட்கள் லேட்டாக வருகிறார்கள் என்று கம்பெனிக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்போம். அதைப் பார்த்துத்தான் கேமராவுக்கும் நேரம் வைத்தேன். போலீஸ் விசாரித்தபோது நினைவே வரவில்லை. அந்த நேரத்திலேயே வாழ்ந்து பழகிவிட்டோம். "ஏளா, ஊருக்கெல்லாம் முந்தி நமக்குத்தான் பொழுது சாயுது" என்று ரோஸ்மேரி சிரிப்பாள்.

6 நவம்பர்

வக்கீலுக்குப் போன் செய்தேன். கூண்டில் சொல்லச் சொன்னார். மேனேஜர் கந்தவேலிடமும் சொன்னேன். லேட் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களெல்லாம் கேள்வி கேட்பார்களே என்று அவருக்குப் பயம்.

"தெரியாதுன்னு சொல்லீட்டு வந்துருங்க கண்ணு. வேலை இருக்கோணுமல்லங்க."

ஊரில் அம்மாவும் தம்பியும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். என்ன செய்ய?

11 நவம்பர்

வீடியோவைப் போட்டார்கள். வேனில் ஏறுமுன் ரோஸ்மேரி கேமராவை நிமிர்ந்து பார்த்து நாக்கைத் துருத்தினாள். உள்ளே நான் பார்ப்பேன் என்று தினமும் செய்கிற சேட்டை. அன்றைக்கு நான் பார்க்கவில்லை, ஏதோ லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். கூண்டிலேயே சிரித்துவிட்டேன். பிறகு அழுகை.

கடிகார விஷயத்தைச் சொல்லிவிட்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "போலீஸ் எடுத்துட்டு வந்த கேமராப் பெட்டி இங்கதானே இருக்கு. அதைப் போட்டுப் பாருங்கய்யா" என்றேன். நீதிபதி மாட்டச் சொன்னார். கோர்ட் சுவரில் 11.40. பெட்டியில் 11.50.

இரண்டு வருடமாக அந்தப் பெட்டி, உள்ளிருக்கும் சின்ன பேட்டரியில், எங்கள் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

12 நவம்பர்

வேலை போனது. எதிர்பார்த்ததுதான்.

27 ஜனவரி 2026

ராஜ்கமலுக்கு ஆயுள் தண்டனை. ரோஸ்மேரியின் அம்மா என் கையை விடவே இல்லை. சந்தோஷமா என்றால் இல்லை. அவள் வேண்டும் எனக்கு.

2 மார்ச்

சோமனூர் பக்கம் புதுக் கம்பெனி. இங்கும் டைம் ஆபீஸ்தான். கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர் மருதாள் அக்கா. முடியாது என்றேன். "ஏனுங்க?" என்றார். விளாத்திகுளத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். டீ ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஸ்டூலில் ஏறி, செல்போனைப் பார்த்துச் சரியான நேரம் வைத்தார்.