வாலைப் பிடித்த செல்

மார்ச் 3, செவ்வாய்

போன வருடம் முழுக்கக் கண்ணும் கருத்துமாக வளர்த்த ஆன்டிபாடி இன்று என் மானத்தை வாங்கிவிட்டது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரே ஒரு வகை ஏற்பிப் புரதத்தில் மட்டும் அது ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். ஏற்பி உள்ள செல்லும் பச்சை, ஏற்பியே இல்லாத செல்லும் பச்சை. வழியில் போகிறவர்களை எல்லாம் மாமா, மச்சான் என்று கட்டிக்கொள்கிறது.

ஆய்வகத் தலைவி கோபப்படவில்லை. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் இதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

மார்ச் 4

மறுபடியும் பச்சை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தே, "இன்னைக்கும் பச்சையா?" என்றாள்.

மார்ச் 5

பக்கத்து மேசைக்காரன் இன்று வலிய வந்து பேசினான். எப்போதும் தும்மிக்கொண்டிருப்பதால் நான் வைத்த பெயர் தும்மல். இன்குபேட்டரில் என் செல் தட்டுகளை ஓரங்கட்டிவிட்டுத் தன்னுடையதை வைத்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது; வீட்டில் அம்மாவிடம் அவனைத் திட்டுவதோடு சரி. என் படங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"தப்பு ஆன்டிபாடி மேல இல்லைன்னு தோணுது. அந்தச் செல்லுதான் அதோட வாலைப் பிடிச்சிருக்கு."

சே! நான் வைத்திருப்பவை நோயெதிர்ப்புச் செல்கள். எந்த ஆன்டிபாடி வந்தாலும் அதன் Y வடிவத்தின் அடிக்காலை, அதாவது வாலைக் கவ்வுவது அவற்றின் பிறவிக் குணம். ஆன்டிபாடி மேலே விரியும் கைகளால் ஏற்பியைப் பிடித்ததா, வாலால் மாட்டிக்கொண்டதா என்று நான் பார்க்கவே இல்லையே. பாடப்புத்தக விஷயம் — எனக்கு ஏன் தோணல? எனக்குத் தோணாததுக்குக் கோவமா, அவனுக்குத் தோணினதுக்கா?

நன்றி என்று மட்டும் சொன்னேன். அதுவும் சுவரைப் பார்த்து.

மார்ச் 6, வெள்ளி

வாலைக் கவ்வும் இடங்களை முதலில் வேறொரு புரதத்தால் அடைத்தேன். பிறகுதான் என் ஆன்டிபாடியை விட்டேன். ஏற்பி இல்லாத செல்கள் — கும்மிருட்டு. ஏற்பி உள்ளவற்றைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம்.

அழுகை வந்துவிட்டது. எட்டிப் பார்த்த தும்மல், தட்டின் மேல் தும்மிவிடாமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சிரித்த சிரிப்பில் தலைவியே தன் அறையைவிட்டு எங்களிடம் வந்துவிட்டார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இதை வெச்சுக்கலாம்" என்றார். யோசனை யாருடையது என்று கேட்டபோது நான் அவனைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான்.

ஏப்ரல் 10

வெளி ஆய்வகம் ஒன்று எங்கள் ஆன்டிபாடியைக் கேட்டிருக்கிறது. தும்மலும் நானுமாக உட்கார்ந்து குப்பிகளில் பெயர் ஒட்டினோம். வீட்டுக்கு வரத் தாமதம். அவரும் கூட இருந்தார், பேசிக்கொண்டே வேலை செய்ததில் நேரம் போனதே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எப்போலேர்ந்து அவன் 'அவர்' ஆனாரு?"

காதெல்லாம் சுட்டது. அம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."