எதிர்வீட்டு அல்ஜீப்ரா

ஒரு காலத்தில் என் கணவராக இருந்தவருக்கு,

என் டியூஷனை மன்சூரா நகரிலேயே வேறு தெருவுக்கு மாற்றிக்கொள்ளும்படி உங்கள் தங்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள்.

நாம் சேர்ந்திருந்தபோது ஒருநாள், வீட்டில் நீங்கள் நடத்திய கணக்கு டியூஷனுக்குத் தேநீர் கொண்டுவந்தேன். பலகையில் எக்ஸுக்குப் பதிலாக நீங்கள் எழுதியிருந்த 'ஸீன்' என்ற அரபு எழுத்தைக் காட்டி, "இது எல்லாக் கணக்குலயும் ஒரே எண்தானாங்க?" என்று கேட்டேன். "மொச்சை உரிக்கிறவளுக்கு அல்ஜீப்ரா எதுக்குடி?" என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். மணவிலக்குக்குப் பிறகு அந்தக் கோபத்திலேயே படித்துக் கணக்கு டீச்சரானேன். உங்கள் எதிர்வீட்டையே தேடிப் பிடித்தேன்.

நேற்று உங்கள் தங்கை மகள் நெர்மீனும் உங்கள் வகுப்பை விட்டு என்னிடம் படிக்க வந்துவிட்டாள். சட்டியில் மொச்சையைப் போட்டு மூடிக் குலுக்கினேன்.

"உள்ள எத்தனைன்னு தெரியாதில்ல? தெரியற வரைக்கும் அதுக்கு ஸீன்னு பேரு. இன்னும் மூணு போட்டா?"

"ஸீன் கூட்டல் மூணு! மொத்தம் பத்துன்னா ஸீன் ஏழு. வேற சட்டின்னா வேற எண்ணு. இவ்வளவுதானா மாமி? இதுக்கா மாமா அந்தக் கத்து கத்தினாரு?"

உங்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

நான் மாற மாட்டேன். அங்கே காலியாகிற பெஞ்சுகளை விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் இடமில்லாமல் தரையில் உட்கார்கிறார்கள்.

இப்படிக்கு,
எதிர்வீட்டு டீச்சர்