ஈரக் கட்டையும் கூம்பு மெஷினும்

11.3.2008, செவ்வாய்

காலையிலேயே வெயில். இரண்டிலிருந்து நான்கு வரை கரண்ட் இல்லை. நம் விறகுத் தொட்டிக் கடையில் கட்டை பிளக்கும் கோதண்டம் அண்ணன் கோடாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பெனி வேலையாம். "உக்காந்துகினே பாக்குற வேலைம்மா. இனிமே கை காய்க்காது." அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

சரியாக இப்போதுதான் நம்மிடம் விறகு வாங்கும் பாய் பெரிய ஆர்டர் கொடுக்கிறார். மூன்று கம்பெனி கேன்டீன் அவர் கையில். இதுவரை வாரம் ஒரு வண்டி. ஒன்றாம் தேதி முதல் தினமும் ஒரு டெம்போ, மணிக்கட்டு கனத்தில் பிளந்த சவுக்கு. மெஷின் இல்லாமல் நடக்காது. எழுதிப் பார்த்தேன்:

1. கூம்பு. மோட்டாரில் திருகாணி மாதிரி சுற்றும். கட்டையைக் கையால் பிடித்து அதில் அழுத்த வேண்டும். வேகம். மலிவு.
2. ஆப்பு. ஹைட்ராலிக். கட்டையைப் படுக்க வைத்தால் அதுவே தள்ளிப் பிளக்கும். வேகம் குறைவு. விலை ஒன்றரை மடங்கு.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஸ்பீடு எதுல? அத்தச் சொல்லு." மெஷினில் யார் நிற்பது? அப்பா டெம்போவில் போய்விடுவார். "நான் நிக்கிறேன். ஆளுக்கு எங்க போவ?" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே. அவ்வளவுதான், கூம்பு என்று முடிவாகிவிட்டது.

13.3.2008, வியாழன்

அப்பாவுடன் தொழிற்பேட்டை, மெஷின் செய்து விற்கும் பாபு அண்ணன் லேத். எல்லாம் கிரீஸ் வாசனை. கூம்பைப் போட்டுக் காட்டினார். காய்ந்த சவுக்கு, மூச்சு விடுவதற்குள் இரண்டு துண்டு. "இன்னா ஸ்பீடு பாத்தியா?" அப்பா என் தோளைத் தட்டினார். எப்போதும் தட்டமாட்டார்.

சுவிட்ச் போடுமுன் பாபு அண்ணன் செய்தவை: தோள் துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார். வாட்சைக் கழற்றினார். லுங்கியைத் தூக்கிக் கட்டினார். எதுவும் சொல்லாமல், பழக்கமாக. அம்மாவின் முந்தானை நினைவுக்கு வந்தது.

மூலையில் ஆப்பு மெஷின். இரண்டு கையாலும் இரண்டு கம்பியைப் பிடித்தால்தான் ஓடும். ஒரு கையை விட்டால் நிற்கும். "இது ஆமைப்பா" என்று அப்பா திரும்பிவிட்டார்.

கேட்க நினைத்து வாயில் வராதது: கட்டை வழுக்கினால்?

14.3.2008, வெள்ளி

இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். அப்பா தினமும் காலை எடைக்கு முன் விறகு அடுக்கின் மேல் தண்ணீர் பீய்ச்சுவார். சொட்டச் சொட்ட இல்லை, பட்டை கறுக்கும் அளவுக்கு. எனக்கு விவரம் தெரிந்த நாளாக. வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. நானும்.

இன்று அந்த ஈரக் கட்டை ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முனையைத் திருகச் சொன்னேன் அம்மாவை. சுலபமாகச் சுற்றியது. உள்ளங்கையில் சிராய்ப்பு. அம்மா சிரித்தாள். "இன்னாடி வெளையாட்டு, காலேஜு படிச்சிட்டு?" விளையாட்டு இல்லை என்றேன். சிரிப்பு நின்றது. "உங்கப்பாகிட்ட நீயே சொல்லு."

சொல்லவில்லை. மூன்று முறை பக்கத்தில் போய் நின்றேன். ஒரு முறை "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நாளை அட்வான்ஸ். பாயும் மெஷினைப் பார்க்க வருகிறார்.

15.3.2008, சனி

 

லேத்தில் எலுமிச்சம்பழம், கற்பூரம் தயார். அப்பா வெற்றிலை மேல் அட்வான்ஸை வைத்துவிட்டார். பாபு அண்ணன் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, இங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவர் கையை நீட்டும்போது சொன்னேன்: "எங்க கட்டைல ஒரு தபா ஓட்டிப் பாக்கலாமாண்ணா?" பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காலையில் அடுக்கிலிருந்து எடுத்தது.

தொட்டுப் பார்த்தார். "ஈரமாகீதே. காஞ்சத கொண்டாந்திருக்கலாம்ல?"

"எங்களுது எல்லாமே இப்பிடித்தான் இருக்கும். அப்பா தெனம் தண்ணி ஊத்துவாரு."

என் குரல்தான். பாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பாபு அண்ணன் மெஷினைப் போட்டார். கட்டை ஒரு நொடி நின்றது, பிறகு அவர் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு முழுச் சுற்று சுற்றி மேஜையில் அறைந்தது. அவர் துள்ளிப் பின்னால் போனார். எலுமிச்சம்பழம் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

பாய் அந்தக் கட்டையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "அப்போ தண்ணியையும் சேத்துதான் வாங்கினு இருந்தனா?"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

16.3.2008, ஞாயிறு

அப்பா சாப்பிடவில்லை. நானும். பாய் போனை எடுக்கவில்லை, நான்கு முறை.

அம்மா: "மெஷினப் பத்தி சொன்ன, சரி. தண்ணியப் பத்தி எதுக்குடி சொன்ன?" ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எப்படிச் சொல்வது? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஒரு வழி இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

17.3.2008, திங்கள்

பத்து மணிக்கு பாய் தானே வந்தார். அடுக்கைச் சுற்றி வந்தார். இடுக்கில் கையை விட்டுப் பார்த்தார். இன்று தண்ணீர் ஊற்றவில்லை. பேசியது என்னிடம்.

"எந்தத் தொட்டில ஊத்தல? வாயத் தொறந்து சொன்னது உங்க ஊட்ல மட்டும்தான். பொளந்து காய வெக்க எத்தினி நாளாவும்?"

"பத்து நாள். வெயில் இருந்தா."

"ஒண்ணாந்தேதி, காஞ்சது. ஈரம் கண்டா வண்டி அப்பிடியே திரும்பி வரும். பொறவு பேச்சே கெடையாது." டீ கூடக் குடிக்காமல் போனார்.

சாயங்காலம் அப்பா இரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்து.

"ஆமைதான் நாளைக்கு வருது. வாயக் குடுத்தது நீதான? நீயே நில்லு. ஒங்கம்மா வேணாம்."

சரி என்றேன். 

ஒன்றாம் தேதிக்கு முன் பத்து வெயில் வேண்டும். இருப்பது பதினான்கு நாள். ஆமை. ஆறு மணிக்கு எழ வேண்டும்.