லாகர் டாங்கில் ஏல் ஈஸ்ட்

இன்று காலை ஐந்தாம் டாங்கின் சாம்பிள் வால்வைத் திறந்ததும் வாழைப்பழ வாசனை குப்பென்று அடித்தது. அது ஏல் வகை பீர். அந்த வாசனை அதற்கு வரத்தான் வேண்டும். நான்தான் சட்டென்று வால்வை மூடிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறதுடா, இன்னும் இப்படித்தான்.

ஒரகடம் தாண்டி இருக்கும் இந்த பீர் ஆலையில் நாம் இருவரும் ஒரே ஷிப்ட். நான் பர்மனென்ட், நீ கான்ட்ராக்ட். குளிர் அறையில், பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் தொட்டிகள் லாகர் வகைக்கு ஒன்று, ஏல் வகைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து நிற்கும். "லாகர் ஈஸ்ட் குளிர்ல பொறுமையா அடியில உக்காந்துகினு வேலை பாக்கும். ஏல் ஈஸ்டுக்கு சூடு வேணும், மேல ஏறி ஆடும். அப்டியே உன்ன மாதிரி" என்று என்னைச் சீண்டுவாய். முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு ஒன்றாகவே இருந்தாலும், எந்த ஈஸ்டை விடுகிறோமோ அந்த பீர்தான் பிறக்கும்.

அதனால்தான் அந்த விதி. ஒருவன் ஈஸ்ட் தொட்டியில் குழாயை மாட்டினால், இன்னொருவன் நேரில் போய்த் தொட்டியின் சீட்டைப் படித்துவிட்டு இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். அன்று மதியம் நீ சாப்பாட்டில் கை வைத்திருந்தாய். எனக்கோ அவசரம். "நானே பாத்துட்டேன், நீ போடு. இன்னா, என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று காகிதத்தை நீட்டினேன். நீ சிரித்துக்கொண்டே இடக்கையால் கிறுக்கினாய்.

மறுநாள் காலை லாகர் டாங்க் பத்து டிகிரியில் செத்த மாதிரி கிடந்தது. ஒரு குமிழி இல்லை. ஓடிப்போய்ச் சீட்டைப் பார்த்தேன். நான் குழாய் மாட்டியிருந்தது ஏல் தொட்டியில். உடனே உன்னிடம் வந்தேன்.

"சூட்ட இருபதுக்கு ஏத்திடலாம்டா. அது பாட்டுக்கு வேலை செய்யும், எவனுக்கும் தெரியாது" என்றேன்.

"பீர் ஆவும்டா, லாகர் ஆவாது. மோந்து பாத்தாலே பழ வாசனை காட்டிக் குடுத்துரும். வா, நாமளே போய் சொல்லிடலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனாய்.

மேனேஜர் உன்னைத்தான் முதலில் கேட்டார். "ரெண்டாவது கையெழுத்து உன்னுதா? நேர்ல பாத்தியா?"

"பாக்கல சார்" என்றாய். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன்னைப் பார்க்க விடாமல் அவசரப்படுத்தியது நான்தான் என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பாவி. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். உன்னிடம் அன்றைக்கே கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

நீ வாலாஜாபாத் பக்கம் ஒரு குடோனில் சேர்ந்தாய். போன் செய்தால் எப்போதும்போலச் சிரித்துப் பேசினாய். நானும் ஒன்றுமே நடக்காததுபோலப் பேசித் தொலைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய்.

இப்போது இரண்டாவது கையெழுத்து என் வேலை. சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு நேரில் போய்ப் பார்க்கிறேன். லேட் ஆகிறது என்று லைனில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். ஆனால் அன்று சொல்லாததை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் காரியத்தன்று சேரப்பணஞ்சேரியில் உன் வீட்டில் உன் மனைவி என்னிடம் வந்தாள். "அவரு உங்கள ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்லண்ணா. 'அவன் என்னிக்காச்சும் வந்து சொல்லுவான் பாரு'ன்னு மட்டும் சொல்லிகினே இருப்பாரு. இன்னாண்ணா அது?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.